வெளியாள் ஒருவர் வேண்டும்

எங்கள் மாதர் சங்கத்தில் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான். மற்றவர்கள் சேவை செய்தார்கள். லஸ் பக்கத்துப் பெரிய வீடுகளைச் சேர்ந்த பெண்கள் மாதம் ஒரு முறை கூடிக் காபி குடித்து, தீர்மானம் போட்டுக் கலைவார்கள். அந்தத் தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது என் வேலை. மந்தைவெளியில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் கணவரோடும் மகளோடும் இருந்தேன். கணவருக்கு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, கூடவே ஆஸ்துமா. காலையில் இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போதே எனக்குப் பாதி நாள் முடிந்த மாதிரி இருக்கும்.

அறுபதுகளின் கடைசியில், அடையாறைத் தாண்டிக் கடலோரத்தில் இருந்த ஒரு மீனவர் குப்பத்தில் சங்கம் பால் மையம் ஒன்றைத் தொடங்கியது. பெசன்ட் நகர் அப்போது முழு நகராக ஆகியிருக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் மணல். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த மணலில் நடந்து நடந்து என் குதிகால் இரண்டும் வெடித்துப்போயின. குப்பத்தின் ஓரத்தில் கீற்றுக் கொட்டகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அங்கே காலையில் பால், கோதுமை ரவை உப்புமா, அப்புறம் கொஞ்சம் பாட்டு. பால்பவுடரும் ரவையும் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று கொடுத்தது. குப்பத்துப் பெண் ஒருத்தி சமைத்தாள். நான் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன், மூக்குத் துடைத்துவிட்டேன், மாதம் ஒரு தடவை தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தேன்.

இப்படியே சில வருஷம் ஓடியது. பிறகு அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உதவி தொடர வேண்டுமென்றால், சங்கத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் மையத்தைப் பார்த்து, அதனால் குழந்தைகளுக்கு என்ன பயன் என்று எழுதித்தர வேண்டுமாம். அதற்கு எவாலுவேஷன் என்று பெயர். அந்த வார்த்தையை நாங்கள் எல்லோருமே அன்றைக்குத்தான் முதலில் கேட்டோம்.

சங்கத் தலைவியை நாங்கள் மாமி என்றுதான் கூப்பிடுவோம். அறுபதைத் தாண்டியவர். எடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டார்; கோபமும் சீக்கிரம் வரும்.

"நம்மளை நம்பலையா அவா?" என்றார். "இத்தனை வருஷமா கொழந்தைகளுக்குப் பாலைக் குடுத்துண்டு இருக்கோம். பால் குடிச்சா என்ன பிரயோஜனம்னு ஒருத்தர் எழுதித் தரணுமாக்கும்!"

"எழுதித் தராட்டி பால் வராது மாமி. யாரையாவது தேடணும்."

"தேடு," என்றார்.

முதலில் போனது தி. நகரில் ஒரு பேராசிரியர் வீட்டுக்கு. கல்லூரியில் புள்ளியியல் சொல்லித் தருபவர். சங்கத்து உறுப்பினர் ஒருவர் முகவரி கொடுத்திருந்தார். தீபாவளிக்கு முந்தைய வாரம். பனகல் பார்க்கில் இறங்கி, புடவைக் கடைகளுக்கு வந்த கூட்டத்தில் இடிபட்டு, வியர்வையில் ஊறி அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மனிதர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"பால் குடிச்ச குழந்தைங்க எடை உங்ககிட்ட இருக்கு. சரி. பால் குடிக்காத குழந்தைங்க எடை?"

"அது எதுக்கு சார்?"

"குழந்தைன்னா எப்படியும் வளரும் இல்லையா? பாலால வளர்ந்ததா, தானா வளர்ந்ததான்னு எப்படிச் சொல்றது? இதே மாதிரி இன்னொரு குப்பம் பாருங்க. அங்க எதுவும் கொடுக்காதீங்க. மாசா மாசம் எடை மட்டும் போடுங்க. ஒரு வருஷம் கழிச்சு வாங்க, நான் கணக்குப் பண்ணித் தர்றேன்."

"எடை போட்டுட்டு வெறும் கையோட அனுப்பறதா சார்?"

"கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அதுதான் முறை."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அப்போதே எனக்குப் புரிந்தது. ஆனால் இன்னொரு குப்பத்துக்குத் தராசைத் தூக்கிக்கொண்டு போய், பசியோடு வரும் பிள்ளையைத் தொங்கவிட்டு எடை பார்த்து, போய்வா என்று அனுப்ப என்னால் ஆகாது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். திரும்பும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை.

மாமியிடம் சொன்னபோது, "அலையாதே. நான் ஒருத்தரை அழைச்சுண்டு வரேன்," என்றார். பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், மாமிக்குத் தூரத்து உறவு. ஒருநாள் மாமியின் காரிலேயே இருவரும் வந்தார்கள். கார் மணலில் சிக்கும் என்று தூரத்திலேயே நிறுத்திவிட்டு அவர் நடந்து வந்தார். கருவாடு காயும் நாற்றத்துக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். பிள்ளைகளைப் பாடச் சொன்னார், பாடினார்கள். "வெரி குட்," என்றார். காருக்குத் திரும்பிவிட்டார். அந்த வாரமே அழகாகத் தட்டச்சு செய்த அறிக்கை வந்தது. அதில் மாமியின் தாயுள்ளத்தைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது.

அனுப்பினோம். சில வாரம் கழித்து நிறுவனத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து மாமி வீட்டுக்குப் போன் வந்தது. மாமி வெளியே போயிருந்ததால் நான் எடுத்தேன்.

"இதை எழுதியவர் எத்தனை முறை மையத்துக்கு வந்தார்?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"ஒரு முறை," என்றேன்.

"சங்கத்தோடு அவருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?"

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. வேறு ஒருவரைப் பாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். மாமி என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. காபி மட்டும் எப்போதும்போல வந்தது.

அடுத்தது ராயப்பேட்டையில் ஒரு குழந்தை வைத்தியர். காத்திருந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து என் முறை வந்ததும் உள்ளே போனேன். குழந்தை எங்கே என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"எனக்கு வெளியில பாருங்க, எவ்வளவு கூட்டம். கடற்கரை வரைக்கும் நான் எப்பம்மா வர்றது? ஒண்ணு செய்ங்க. சமூக சேவைப் படிப்பு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருத்தர் இருக்காங்க. இந்த மாதிரி வேலை அவங்களுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு, முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க."

அன்றிரவு நான் காலை நீட்டி உட்கார்ந்து குதிகாலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, "நீ வாங்கற சம்பளத்துக்கு இந்த அலைச்சல் தேவையா?" என்று கணவர் கேட்டார். தேவையில்லைதான். ஆனால் ஆறு மாதமாகத் தேடியதை அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. மறுநாள் அந்த டீச்சரைப் பார்க்கப் போனேன்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடையாறில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், கையில் எப்போதும் குடை. நான் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு சொன்னார்:

"வாறேன். ஆனா நான் பாக்கறதைத்தான் எழுதுவேன். அதுல ஒரு வரிகூட எடுக்காம அனுப்பணும். இன்னொண்ணு, நான் குப்பத்துக்குள்ள போகும்போது நீங்க கூட வரப்பிடாது."

"எனக்கு அங்க எல்லாரையும் தெரியும் டீச்சர். நான் இருந்தா உங்களுக்குச் சுலபமா இருக்கும்."

"அதுக்குத்தான் வேண்டாங்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அந்த மணலில் நடந்தவள் நான். ஆனாலும் சரி என்றேன். வேறு யாரையும் தேட எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு டீச்சர் கல்லூரி இல்லாத நாட்களில் எல்லாம் வந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு குடிசைகளுக்கு நடுவே போய்விடுவார். நான் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன். அவர் யாரிடம் என்ன பேசுகிறார், அவர்கள் என்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்றே மனம் ஓடும். பாட்டின் நடுவே வரி மறந்துபோகும். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒருநாள் மீன் விற்றுவிட்டு வந்த பெண் ஒருத்தி கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவளுடைய இரண்டாவது பிள்ளை எங்களிடம் பால் குடித்து வளர்ந்தவன்.

"இன்னாமா, யாரு அந்தக் கொடைக்காரம்மா? பாலை நிறுத்த வந்துக்கீதா?"

"அப்படியெல்லாம் இல்லை. மையம் எப்படி நடக்குதுன்னு பார்க்க வந்திருக்காங்க."

"அது தெரிஞ்சிதான் எல்லாரும் பேசி வச்சிக்கினோம். இன்னா கேட்டாலும் நல்லாக்கீதுன்னே சொல்லணும்னு. பால் எப்டி? நல்லாக்கீது. உப்மா எப்டி? நல்லாக்கீது. நீ இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப்போட்டுக்கினு ஒக்காந்துகீறே? உனக்கு ஒண்ணும் ஆவாது."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து, குப்பமே சேர்ந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் இரண்டு மாதமாக வெயிலில் அலைந்ததெல்லாம் இந்த நல்லாக்கீதைக் கேட்கத்தானா?

அன்று மாலை பஸ்ஸுக்காக நின்றபோது டீச்சரிடம் அதைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தெரியும்," என்றார். குடையை மடக்கிக் கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது. "போன வாரம் ஒரு கிழவி நான் வாயத் திறக்கும் முன்னமே நல்லாக்கீதுன்னா. இனிமே பாலைப் பத்தியே கேக்கப்போறதில்ல. நேத்து எழுந்ததுலருந்து படுக்கறவரை என்ன செஞ்சீங்கன்னு மட்டும் கேக்கப்போறேன்."

அப்படியே செய்தார். அவரவர் நேற்றைய நாளைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நல்ல நாள் கெட்ட நாள் சொல்ல யாருக்குத்தான் பிடிக்காது? வலையை உலர்த்திக்கொண்டே, மீனைக் கழுவிக்கொண்டே எல்லோரும் சொன்னார்கள். அது முடிய மழைக்காலம் வந்துவிட்டது.

அறிக்கையை மாமியிடம் கொடுப்பதற்கு முன்னால் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். கடுங்காபி போட்டுக் கொடுத்தார். "நீங்க முதல்ல தெரிஞ்சுக்கணும்," என்று, அறிக்கையில் இருந்ததை அவரே வாய்விட்டுச் சொன்னார்.

எங்கள் மையத்துக்கு வந்தவை தானாக நடந்து வரும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். நோஞ்சானாகக் கிடந்த கைக்குழந்தைகள் வரவேயில்லை. அதுகளைத் தூக்கிவர ஆள் இல்லை. தாய்மார்கள் விடிவதற்கு முன்பே கரைக்குப் போய் மீன் எடுத்துக்கொண்டு, கூடையோடு அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் நடந்துவிடுவார்கள். நான் கொட்டகையைத் திறக்கும்போது அவர்கள் ஏதோ ஒரு தெருவில் கூவிக்கொண்டிருப்பார்கள். கைக்குழந்தை ஏழெட்டு வயது அக்காவின் இடுப்பில் இருக்கும். அந்த அக்கா தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தால் தம்பிக்கு மட்டும் பால் உண்டு, அவளுக்குக் கிடையாது. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது நிறுவனம் போட்ட விதி. அவள் வாசலில் நின்று பார்ப்பாள். இரண்டு நாள் வருவாள், மூன்றாம் நாள் வரமாட்டாள். பள்ளிக்கூடத்துக்கும் போகமாட்டாள். அதோடு பவுடர் பால் பல பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் மனம் நோகக்கூடாதென்று யாரும் அதைச் சொல்லவில்லை.

நான் காபியை வைத்துவிட்டேன். வாசலில் நின்ற அந்தப் பெண்களின் முகம் எல்லாம் எனக்குத் தெரியும். நின்றார்கள், போனார்கள்; பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அப்ப இத்தனை வருஷம் நான் செஞ்சது வீணா டீச்சர்?"

"வீண்னு நான் எங்கயும் எழுதல. வந்த பிள்ளைகள் வயிறு நிறைஞ்சு போச்சு. உங்க மடியில உக்காந்து பாட்டுப் பாடிச்சு. அதையும் எழுதியிருக்கேன்." என் டம்ளரைத் தொட்டுப் பார்த்து, "காபி ஆறிப்போச்சு, வேற போடவா?" என்றார்.

வேண்டாம் என்றேன். கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் அன்றைக்கு மாவு அரைக்க வேண்டியிருந்தது.

சங்கக் கூட்டத்தில் அறிக்கையை மாமி உரக்கப் படித்தார். பாதியிலேயே குரல் மாறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

"இதை அனுப்பினா நாளைக்கே கொட்டகையைச் சாத்திண்டு ஆத்துக்குப் போகவேண்டியதுதான். இந்த வயித்துப் போக்கு விஷயத்தை மட்டும் எடுத்துடலாமே?"

"எடுத்தா என் பேரையும் எடுத்துடுங்க," என்றார் டீச்சர். அதட்டலாகச் சொல்லவில்லை. இரைச்சல் இல்லாமல் சொல்லிவிட்டு எழுந்து வணக்கம் சொல்லிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் ஆளாளுக்குப் பேசினார்கள். இன்னொருவரைப் பார்க்கலாம் என்றார் ஒருவர். தன் மைத்துனர் டெல்லியிலிருந்து வருகிறார், அவரைக் கேட்கலாம் என்றார் இன்னொருவர். மாமி எதையும் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். நாற்காலியில் சாய்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"நீ என்னடி நெனைக்கறே?"

"அவங்க எழுதினது உண்மை மாமி."

"உண்மைன்னு எனக்குத் தெரியாதா? எனக்கும் நாலு கொழந்தை பொறந்தது." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இன்னொருத்தரைத் தேட எனக்கு உடம்புல சக்தி இல்லை. உனக்கும் இல்லை, உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியறது. முழுசா அனுப்பிடு."

அப்படித்தான் அந்த அறிக்கை போயிற்று. வீரத்தால் அல்ல. தேடித் தேடி எங்கள் இருவருக்கும் அலுத்துப்போயிருந்தது. அதற்காக நான் மாமியை இன்றுவரை மரியாதையோடுதான் நினைக்கிறேன். அலுத்துப்போனவர்கள் எத்தனையோ பேர் பொய்யில் கையெழுத்துப் போட்டதைப் பின்னால் பார்த்திருக்கிறேன்.

நிறுவனத்திலிருந்து பதில் வரப் பல மாதம் ஆனது. கொட்டகையை மூடச் சொல்லவில்லை. ஒளிக்காமல் எழுதியதற்குப் பாராட்டினார்கள். எப்படி மாற்றப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். டீச்சரும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். விடியும்போதே திறப்பது, கைக்குழந்தைகளையும் வைத்துக்கொள்வது, தூக்கிவரும் அக்காவுக்கும் சேர்த்துச் சோறு போடுவது, பால்பவுடருக்குப் பதில் கேழ்வரகுக் கஞ்சி. நிறுவனம் ஒரு வருஷத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டது. அது முடிந்ததும் எங்கோ வெள்ளம் என்று சொல்லி உதவியை அங்கே திருப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு சங்கம் மயிலாப்பூர் வீடுகளில் கேழ்வரகும் வெல்லமும் தண்டி நடத்தியது. மாமியே வீடுவீடாக ஏறி இறங்கினார்.

விடியும்போது திறப்பது என்று எழுதுவது சுலபமாக இருந்தது. முதல் பஸ்ஸைப் பிடிக்க நான் இருட்டிலேயே எழுந்து சமைக்க வேண்டியிருந்தது. கணவர் மூச்சு வாங்குகிற நாட்களில்கூடத் தன் தட்டைத் தானே கழுவிவைத்தார். மகள் தானாகவே தலை பின்னிக்கொள்ளக் கற்றாள், கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போனாள். கைக்குழந்தைகள் வந்தன. சில தேறின. இரண்டு குழந்தைகள் எவ்வளவு கஞ்சி ஊட்டியும் தேறாமல் போய்ச் சேர்ந்தன. அக்காமார்களில் சிலர் தம்பியை எங்களிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். சிலர் கஞ்சியைக் குடித்துவிட்டு மீன் கழுவப் போனார்கள். என்னால் அவர்களைத் தடுக்க முடியவில்லை.

டீச்சருக்கு மதுரைப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். வழியனுப்ப எழும்பூருக்குப் போக நினைத்திருந்தேன். அன்று கணவருக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது, போகவில்லை. மாற்றியமைத்த மையம் எப்படி நடக்கிறது என்று பார்க்க அதற்கப்புறம் யாரும் வரவில்லை. நாங்களும் யாரையும் தேடவில்லை.

எழுபதுகளின் நடுவில் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. கடலோரக் காற்றிலிருந்து போனால் அவருக்கு நல்லது என்று வைத்தியரும் சொன்னார். எனக்குப் பதிலாகச் சங்கம் நியமித்த பெண் கல்லூரி முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தாள். கே.கே. நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். எது எது எங்கே இருக்கிறது, எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது, எந்த வீட்டில் அப்பன் குடித்துவிட்டு வருவான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் கொட்டகை வாசலில் நின்று கேட்டாள்:

"இது நல்லா நடக்குதாக்கா?"

உள்ளே ஒரு பெண் தன் தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி அவன் வாய்க்கும் பாதி தரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

"நடக்குது," என்றேன்.